நந்தனை நல்லவனாக்கியது யார்?



ஆண்டுதோறும் இந்த நாளில் நாம் கூடுகிறோம். எந்த அண்ணனின் நினைவாக இந்தப் பேருரை நடக்கிறதோ, அவர் எழுதியது குறைவு. படிக்க வைத்தது அதிகம். எங்களில் பலர் அவர் நடத்திய இரவுப் பள்ளியில் பாயில் உட்கார்ந்து கதை படித்தவர்கள். படித்து முடித்ததும் அவர் கதைச் சுருக்கம் கேட்டதில்லை. இந்தக் கதையில் நல்லவன் யார், அவனை நல்லவன் என்று சொல்வது யார், அப்படிச் சொல்வதால் யாருக்கு ஆதாயம் என்று கேட்பார். இந்த மூன்று கேள்விகளைத்தான் இன்றும் கையில் எடுத்துக்கொள்கிறோம்.

இலக்கியம் அறத்தைச் சூத்திரமாகச் சொல்வதில்லை. ஒரு மனிதனைப் படைத்து, அவனை ஒரு நெருக்கடியில் நிறுத்தி, அவன் செய்வது சரியா தவறா என்று நம்மைத் தீர்ப்புச் சொல்ல வைக்கிறது. பாத்திரத்தின் வழியாக உள்ளே வரும் அறம் உபதேசமாகத் தெரியாது. அதனால்தான் அதன் வலிமை அதிகம், ஆபத்தும் அதிகம். இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு பாத்திரத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். நமக்கு மிக நெருக்கமான பாத்திரம் நந்தன். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழில் அவன் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் அவன் நல்லவன்தான். ஆனால் நல்லவன் என்பதன் பொருள் ஒவ்வொரு முறையும் மாறியிருக்கிறது.

பெயரிலிருந்து புராணத்துக்கு

சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் அவன் ஒரு பெயர் மட்டும்: திருநாளைப்போவார். சாதி இல்லை, தொழில் இல்லை, கதை இல்லை. நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் ஊரும் குலமும் சேர்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில்தான் அவன் ஆளாக எழுந்து நடக்கிறான். நாற்பதுக்கும் குறைவான பாடல்கள். அவற்றுக்குள் ஆதனூர்ப் புலைப்பாடியின் குடிசைகளும், கூரையில் படர்ந்த சுரைக்கொடியும், குஞ்சுகளோடு திரியும் கோழியும், இரும்புக் காப்பு அணிந்த பிள்ளைகளும், மரக்கிளையில் தொங்கும் பறையும் வருகின்றன. சேரியை இத்தனை அருகே சென்று பார்த்த வைதீகக் கவிஞர் அரிது. இதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையற்றவர்களாவோம்.

சேக்கிழாரின் நந்தனுக்குப் பறைத்துடவை என்னும் மானியம் இருக்கிறது. ஊருக்குச் செய்யும் தொழிலுக்காக விடப்பட்ட நிலம் அது. கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறான். அவன் கைபட்ட தோலும் நரம்பும் கருவறை அருகே ஒலிக்கின்றன. கைக்குரியவன் மட்டும் வெளியே நிற்கிறான். திருப்புன்கூரில் அவன் பார்ப்பதற்காக நந்தி விலகுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலகியது கல்நந்தி, வாசலில் நின்ற விதி இம்மியும் நகரவில்லை. அவன் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, அங்கே ஒரு குளத்தையும் வெட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறான்.

தில்லையில் அந்த விதி இன்னும் கடுமையாகிறது. ஊர் எல்லையை வலம் வந்து ஏங்கியவனின் கனவில் இறைவன் தோன்றி, தீயில் மூழ்கி வரச் சொல்கிறார். தீ மூட்டும்படி தில்லைவாழ் அந்தணர்க்கும் ஆணையிடுகிறார். தீயிலிருந்து எழுந்தவனின் மார்பில் பூணூல் இருக்கிறது. கோயிலுக்குள் போகிறான். மறைகிறான்.

இங்கே அறம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? நந்தனின் அன்பு உயர்ந்தது என்கிறது புராணம். ஆனால் அந்த அன்பு மட்டும் வாசலைத் திறக்கவில்லை. அவன் உடல் எரிந்து வேறொரு உடலாக வேண்டியிருந்தது. நந்தன் நந்தனாகவே உள்ளே போனான் என்று எழுத 12ஆம் நூற்றாண்டுக்கு முடியவில்லை. அடியார்களுக்குள் பேதம் இல்லை என்று பேசிய பக்தி மரபு இந்த இடத்தில் தன் எல்லையை ஒப்புக்கொண்டுவிட்டது.

பண்ணைக்கு வந்த நந்தன்

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்து, 1860களின் தொடக்கத்தில், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியது. இன்று தமிழ்நாட்டில் நந்தன் கதை என்று யாரைக் கேட்டாலும் சொல்வது இந்தக் கதையைத்தான். இதில் நந்தன் பண்ணையாள். அவனுக்கு ஒரு வேதியர் ஆண்டையாக இருக்கிறார். சிதம்பரம் போக அனுமதி கேட்கும்போது, 40 வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர். அப்படியானால் இருநூற்றறுபது ஏக்கர். இறையருளால் ஒரே இரவில் வேலை முடிகிறது. ஆண்டை வியந்து நந்தன் காலில் விழுகிறார்.

இந்த வேதியர் பெரியபுராணத்தில் இல்லவே இல்லை. 40 வேலியும் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்றும், இலக்கண வழுவோடு பெரியபுராணத்திலிருந்து கதை விலகியதும் அதற்குக் காரணம் என்றும் உ.வே. சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். பின்னர் பாரதியார் பாடக் கேட்டு மனம் கரைந்து பாயிரம் தந்தார்.

புலவர்களுக்கு அது விலகல். நமக்கு அது சான்று. சேக்கிழார் காலத்து மானிய நிலத்துக்காரன், பாரதியார் காலத்தில் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டு நகர முடியாத பண்ணையாளாகிவிட்டான். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அடிமைமுறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று அறிவித்தது 1843இல். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் கூட ஆகாத நிலையில் அச்சேறிய இந்தக் கீர்த்தனையில் நந்தன் ஒரு நாள் விடுப்புக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். தஞ்சைப் பண்ணையில் சட்டம் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதற்கு இதைவிட நல்ல வரலாற்று ஆவணம் வேண்டுமா? பாரதியார் கலகக்காரர் இல்லை. ஆனால் தான் வாழ்ந்த மண்ணைக் கண்திறந்து பார்த்தவர். பக்தனுக்கும் கடவுளுக்கும் இடையில் சாதி மட்டும் நிற்கவில்லை, நிலமும் நிற்கிறது என்பதை அவர் பாத்திரம் காட்டிவிட்டது.

அப்படியானால் இங்கே அறம் யாருடையது? நந்தனின் நல்லொழுக்கம் பொறுமை. ஏச்சைக் கேட்கிறான், காத்திருக்கிறான், ஆண்டையின் வார்த்தையை மீறாமல் இருக்கிறான். இரவோடு இரவாக ஓடிப்போயிருந்தால் அவன் நல்லவனாக இருந்திருப்பானா? கதைக்குள் அதற்கு இடமே இல்லை. மனம் மாறும் உரிமை ஆண்டைக்கு மட்டும் உண்டு. தவறு செய்யவும், திருந்தவும், கண்ணீர் விடவும் அவரால் முடிகிறது. நந்தனுக்குத் தவறு செய்யும் உரிமைகூட இல்லை. அடிமைப்பட்டவன் அப்பழுக்கற்றவனாக இருந்தால்தான் ஆண்டை இரங்குவான் என்ற பாடத்தைக் கதாகாலட்சேபம் ஊர் ஊராகக் கொண்டுபோனது.

சினிமாவும் அதே பாடத்தைத்தான் கொண்டுபோனது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினி தயாரிப்பில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நடித்தார். பாட்டு உருக்கியது, கொட்டகை அழுதது. அழுதவர்கள் வீட்டுக்குப் போனபோது அவரவர் பண்ணையில் அவரவர் நந்தன் விடிகாலை வேலைக்கு நின்றுகொண்டிருந்தான்.

நந்தனைத் திரும்ப எடுத்தவர்கள்

இதே காலத்தில் நம்முடைய முன்னோர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1907 முதல் 1914 வரை தமிழன் இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், நந்தனைப் பண்ணையாளாக ஏற்க மறுத்தார். அவர் எழுதிய இந்திரர் தேச சரித்திரத்தில் நந்தன் பௌத்த அரசன். வேஷப் பிராமணரின் பொய்யைக் கேள்வி கேட்டதால் சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன். இதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம், தீயிலிருந்து பூணூலோடு எழுந்ததற்கு என்ன கல்வெட்டு என்று திருப்பிக் கேட்கலாம். ஆனால் அதைவிட முக்கியமானது பண்டிதர் செய்த வேலை. நந்தனின் நல்லொழுக்கத்தைக் கீழ்ப்படிதலிலிருந்து பிரித்து, கேள்வி கேட்கும் அறிவோடு சேர்த்தார். தீயை அற்புதத்திலிருந்து பிரித்து, கொலையோடு சேர்த்தார்.

சுவாமி சகஜானந்தர் வேறு வழியில் போனார். அவர் சைவத்தை விட்டு வெளியே போகவில்லை. ஆனால் 1916இல், நந்தன் மறைந்ததாகச் சொல்லப்படும் அதே சிதம்பரத்தில், நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். எரிந்துபோனவனின் பெயரில் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியின் வழியாகத் தென்னாற்காட்டுச் சேரிகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் படித்து வெளியே வந்தார்கள் என்பதை இந்த அரங்கிலேயே பலர் தங்கள் குடும்பக் கதையாகச் சொல்வார்கள். நாளை போவேன் என்று தள்ளிப்போட்டவனின் பெயரில், இன்றே பள்ளிக்குப் போ என்று சொன்னது அந்த முயற்சி.

1934இல் புதுமைப்பித்தன் புதிய நந்தன் எழுதினார். அதே ஆதனூர். கிழவன் கருப்பன், சுயமரியாதைக்காரனாகத் திரும்பிவரும் அவன் மகன், காந்தியவாதியான பார்ப்பன இளைஞன். காந்தி வரும் ரயிலில் மூவரும் அடிபட்டுச் சாகிறார்கள். இவர்களில் யார் நந்தன் என்று கதை நம்மிடம் கேட்கிறது. ஹரிஜன சேவையின் ஆரவாரத்துக்கு நடுவில் அந்தக் கேள்விக்குத் துணிச்சல் வேண்டும். ஆனாலும் கருப்பன் பேசியது குறைவு. நந்தனைச் சுற்றி நின்றவர்கள் பேசினார்கள்.

1948இல் அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாதவர்கள் யார் என்பதை ஆராயும் தம் நூலை மூன்று பேரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்: நந்தனார், ரவிதாஸ், சொக்காமேளா. பக்தி வழியின் போதாமையை அவரைவிடக் கூர்மையாக விமர்சித்தவர் இல்லை. அவரே நந்தனைக் கைவிடவில்லை. புராணத்தை நிராகரிப்பது வேறு, புராணத்துக்குள் அடைக்கப்பட்ட மனிதனை மீட்பது வேறு என்பதை அந்தக் காணிக்கையிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு தீ

1968 டிசம்பர் 25. அதே காவிரிப் படுகை, அதே பண்ணை நிலம். கூலியாக நெல் கூடுதலாகக் கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். இந்தத் தீயிலிருந்து யாரும் பூணூலோடு எழவில்லை.

கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. வசதியும் அந்தஸ்தும் உள்ளவர்கள் தாங்களே நேரில் போய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்ற வகையில் அந்தத் தீர்ப்பின் வாதம் போனது. தோழர்களே, இது சட்டம் மட்டும் இல்லை. இது பாத்திரப் படைப்பும்கூட. ஆண்டை எப்படிப்பட்டவர், எதைச் செய்வார், எதைச் செய்ய மாட்டார் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கதைகள் நீதிபதியின் மேசை வரை வந்திருக்கின்றன. கதையில் மனம் மாறி நந்தன் காலில் விழுந்த அந்த வேதியர், நீதிமன்றத்தில் மிராசுதாருக்கு நன்னடத்தைச் சான்று கொடுத்துவிட்டுப் போனார். இலக்கியத்தில் அறம் பேசுவது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை என்று நாம் சொல்வது இதனால்தான்.

இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் 1975இல் வந்தது. சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. வெண்மணியை நாவலாக்கிய துணிவை மறுக்க முடியாது. ஆனால் அதில் பண்ணையாரின் கொடூரத்துக்கு அவரது ஆண்மைக் குறைவு காரணமாக்கப்பட்டபோது, இடதுசாரிகளும் நம்மவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். காரணம் எளியது. ஒரு சமூக அமைப்பு செய்த கொலையை ஒரு தனிமனிதனின் உடற்குறையாக்கினால், அந்தக் குறை இல்லாத பண்ணையார்கள் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். அதே எழுத்தாளர் பின்னர் எழுதிய நந்தன் கதை நாடகத்தில் தீ அற்புதம் இல்லை, திட்டமிட்ட சதி. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் பண்டிதர் சொன்னதை நோக்கி நாடக மேடையும் நகர்ந்து வந்தது என்று நாம் அதை வாசிக்கிறோம்.

நல்லவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள்

இனி நம்முடைய எழுத்துக்கு வருவோம். பூமணியின் பிறகு நாவலில் (1979) வரும் அழகிரிப் பகடை, கரிசல் கிராமத்தில் செருப்புத் தைக்கிறவன். நந்தனைப் போல அவனும் தோலோடு பிழைப்பவன். ஆனால் அவன் பக்தன் இல்லை, தியாகி இல்லை. மகளைப் பற்றிக் கவலைப்படுகிறான், கிண்டல் பேசுகிறான், பணிந்தும் போகிறான், உள்ளுக்குள் கணக்கும் வைத்திருக்கிறான். அற்புதம் எதுவும் நடக்காமலே அவன் முழு மனிதனாக நிற்கிறான்.

சிவகாமியின் பழையன கழிதலும் (1989) இன்னும் ஓர் அடி முன்னே வைத்தது. சாதிக்காரர்கள் அடித்த ஒரு தலித் விதவை தங்கம், தலித் தலைவர் காத்தமுத்துவிடம் நியாயம் கேட்டு வருகிறாள். அவர் அவளுக்காகப் போராடுகிறார். பிறகு அவளையே பயன்படுத்திக்கொள்கிறார். இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர். அவர் மகள் கௌரி இதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறாள். நம் தலைவரை நாமே இப்படிக் காட்டலாமா என்று அன்று எழுந்த சத்தம் கொஞ்சமில்லை. 1997இல் சிவகாமி ஆசிரியர் குறிப்பு எழுதினார். அந்தப் பாத்திரத்தைத் தான் எப்படிக் கட்டினேன், எங்கே நியாயமாக இருந்தேன், எங்கே இல்லை என்று தன்னையே விசாரித்துக்கொண்டார். பாத்திரத்தின் ஒழுக்கத்தைக் கேட்பதற்கு முன் படைத்தவரின் ஒழுக்கத்தைக் கேட்ட அந்தச் செயல் தமிழில் அபூர்வம்.

பாமாவின் கருக்கு (1992) தன் வாழ்க்கையையே பாத்திரமாக்கியது. சேவை செய்யத் துறவு மடத்துக்குப் போன பெண், அங்கேயும் சாதி இருப்பதைக் கண்டு வெளியே வருகிறாள். நந்தனுக்கு உள்ளே போவதுதான் முக்தி. இவளுக்கு வெளியே வருவதுதான் அறம்.

இமையத்தின் கோவேறு கழுதைகள் (1994) நம்மை அதிகம் சங்கடப்படுத்திய நாவல். அதன் நாயகி ஆரோக்கியம், சேரிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் பெண். வீடுவீடாகச் சோறு எடுக்கிறாள். அவளுக்குச் சேர வேண்டிய பங்கைக் குறைப்பவர்கள் சேரிக்காரர்கள். அவள் மகளுக்குக் கொடுமை நடப்பதும் சேரிக்காரனால்தான். நமக்கு மேலே ஆண்டை இருக்கும்போது நமக்குக் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்று அந்த நாவல் சொன்னது. எதிரிக்கு ஆயுதம் தருகிறார் என்று சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. நம்மை இழிவாகக் காட்டியே நூற்றாண்டுகள் பிழைத்த ஒரு வாசிப்புச் சமூகம் எதிரே உட்கார்ந்திருந்தது. அந்த நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு, பாருங்கள், இவர்களும் அப்படித்தான் என்று சொன்னவர்களையும் நாம் பார்த்தோம். ஆனால் ஆரோக்கியத்தின் பசி உண்மையா இல்லையா? உண்மை என்றால், அதை எழுதாமல் இருப்பதால் நன்மை யாருக்கு?

எங்கள் தவறு

இந்தக் கேள்வி எங்களுக்குப் பழைய நாவலைப் பற்றியது மட்டும் இல்லை. சில மாதங்களுக்கு முன் எங்கள் கதை அரங்குக்கு ஒரு கல்லூரி மாணவி ஒரு கதை கொண்டுவந்தாள். மேடையில் அம்பேத்கரைப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியை அடிக்கும் ஒருவரைப் பற்றிய கதை. கதை நன்றாக இருந்தது. அவள் பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ஆனாலும் எங்களில் மூத்தவர்கள் சிலர், இப்போது வேண்டாம், நேரம் சரியில்லை, நம் பக்கம் இப்படிக் காட்டினால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று சொன்னோம். மற்றவர்கள் பேசாமல் இருந்தோம். அவள் தாளை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு வரவில்லை.

அன்று நாங்கள் அவளிடம் சொன்னது என்ன? நாளை போகலாம் என்று சொன்னோம். 40 வேலியை முடித்துவிட்டுப் போ என்று சொன்னோம். நந்தனிடம் ஆண்டை பேசிய அதே மொழியில், ஒரு பெண்ணிடம் நாங்கள் பேசியிருக்கிறோம். இந்த உரையைத் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் அது எங்களுக்கு உறைத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறோம். வருவதும் வராமல் இருப்பதும் அவள் உரிமை. கதையை அவள் எங்கே கொடுத்தாலும் நாங்கள் வாங்கிப் படிப்போம்.

நந்தனின் வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறோம். ஒடுக்கப்பட்டவன் புனிதனாக இருந்தால்தான் அவனுக்கு நியாயம் என்று சொல்லும் கதை, அது எவ்வளவு கண்ணீரை வரவழைத்தாலும், ஆண்டையின் கதை. நமக்கு நியாயம் கிடைக்க வேண்டியது நாம் மனிதர்கள் என்பதால். புனிதர்களாக இருப்பது அதற்கு நிபந்தனை இல்லை. காத்தமுத்து கெட்டவராக இருந்தாலும் தங்கத்தை அடித்தவர்கள் குற்றவாளிகள்தான். சேரி ஆரோக்கியத்துக்குத் துரோகம் செய்திருந்தாலும் சேரிக்கு இழைக்கப்பட்ட அநீதி குறைந்துவிடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளக் கற்றுத்தருவது நல்ல பாத்திரங்கள். மேடைப் பேச்சால் அதைச் செய்ய முடிவதில்லை. நாங்கள் மேடையில் பேசுகிறவர்கள் என்பதால் இதைத் தெரிந்தே சொல்கிறோம்.

மாணவத் தோழர்களே, பெரியபுராணத்தைப் படியுங்கள். கீர்த்தனையைக் கேளுங்கள். அயோத்திதாசரைப் படியுங்கள். ராஜ் கௌதமன் அறம்/அதிகாரம் என்று ஒரு நூலுக்குத் தலைப்பு வைத்தார். அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவிலுள்ள கோட்டை யார் போடுகிறார்கள் என்று ஒவ்வொரு கதையிலும் தேடுங்கள். பிறகு எழுதுங்கள். உங்கள் தெருவை எழுதுங்கள், உங்கள் வீட்டை எழுதுங்கள், எங்களையும் எழுதுங்கள். நேரம் சரியில்லை என்று யாராவது சொன்னால், அப்படிச் சொல்பவர் யார், அதனால் யாருக்கு ஆதாயம் என்று கேளுங்கள். பாயில் உட்கார்ந்து அண்ணனிடம் நாங்கள் படித்த பாடம் அதுதான்.

ஜெய்பீம்.